மாதா மாத மருந்துக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்ணப்பம்

கம்ப்யூட்டர் வாங்கியாகி விட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்து விட்டது. பேரனுடன் வீடியோவில் பேசுகிறோம், பேப்பர் படிக்கிறோம், பழைய பாட்டுக் கேட்கிறோம். "இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பவர்களுக்காக இந்தப் பாடம். இங்கிலாந்தில் குடியிருக்கும் வாசகர்களுக்கும், அங்கே பிள்ளைகளோடு நிரந்தரமாகத் தங்கி விட்ட பெரியவர்களுக்கும் இது உடனே பயன்படும். மற்றவர்கள், ஒரு நாட்டின் சுகாதார சேவை காகிதத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறும்போது என்னென்ன நடக்கிறது என்று தெரிந்து கொள்ளலாம்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு, ஆஸ்துமா. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் மாதா மாதம் ஒரே மருந்துதான். நம் ஊரில் பழைய சீட்டையோ, காலி அட்டையையோ கடையில் காட்டி வாங்கி விடுவோம். இங்கிலாந்தில் அது நடக்காது. ஒவ்வொரு முறையும் டாக்டரின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒப்புதலைக் கேட்கும் முறைதான் கடந்த சில வருடங்களாகப் பல ஊர்களில் மாறி வருகிறது. "இனி உங்களுக்காக மருந்துக் கடை அனுப்பும் விண்ணப்பத்தை ஏற்க மாட்டோம், நீங்களே விண்ணப்பியுங்கள்" என்று கிளினிக்கிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தும், அதில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழிப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகவே படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

என்.எச்.எஸ்.: தேசிய சுகாதார சேவை. 1948 ஜூலை 5 அன்று தொடங்கப்பட்ட அரசு மருத்துவ அமைப்பு.

ஜி.பி.: குடும்ப டாக்டர். ஒவ்வொருவரும் தம் வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு ஜி.பி.யிடம் பதிவு செய்து கொள்கிறார்கள். அவருடைய கிளினிக்கை அங்கே 'சர்ஜரி' என்பார்கள். அறுவை சிகிச்சை என்று நினைத்துப் பயந்து விடாதீர்கள்!

ரிபீட் பிரிஸ்கிரிப்ஷன்: தொடர் மருந்துச் சீட்டு. நீண்ட நாள் சாப்பிட வேண்டிய மருந்துகளை டாக்டர் உங்கள் கணக்கில் ஒரு பட்டியலாகப் போட்டு வைக்கிறார். தீரும் நேரத்தில், டாக்டரை நேரில் பார்க்காமலே அந்தப் பட்டியலிலிருந்து கேட்டு வாங்கலாம். குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு முறை டாக்டரோ, மருந்தாளுநரோ பட்டியலை மறுபரிசீலனை செய்வார்கள்.

நாமினேட்டட் பார்மசி: "என் மருந்துச் சீட்டை இந்தக் கடைக்கே அனுப்புங்கள்" என்று நீங்கள் தேர்வு செய்து வைக்கும் மருந்துக் கடை.

ஏன் இந்த மாற்றம்?

பழைய முறை எளிமையானது. பச்சை நிற மருந்துச் சீட்டின் ஒரு பாதியில் டாக்டரின் கையெழுத்து இருக்கும். மறு பாதியில் உங்கள் தொடர் மருந்துகளின் பட்டியலும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய கட்டமும் இருக்கும். வேண்டியதை டிக் செய்து, அந்தப் பாதியைக் கிழித்து, சர்ஜரியில் உள்ள பெட்டியில் போட்டு விட வேண்டும். அதற்கும் நடக்க முடியாதவர்களுக்கு மருந்துக் கடைகள் உதவிக்கு வந்தன. "நாங்களே மாதா மாதம் கேட்டு வாங்கி வைத்து விடுகிறோம்" என்றன. பலருக்கு இது பெரிய உதவி.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டில் எந்த மாத்திரை எத்தனை மீதி இருக்கிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாது. கேட்டுக் கொண்டு அனுப்பும் கடைகளும் உண்டு, கேட்காமல் முழுப் பட்டியலையும் அனுப்பி விடும் கடைகளும் உண்டு. வலி வந்தால் மட்டும் போடும் மாத்திரையும், எப்போதோ நிறுத்திய களிம்பும் மாதம் தவறாமல் பைக்குள் வந்து விழும்.

இப்படிச் சேரும் மருந்தின் மதிப்பு சின்னத் தொகை அல்ல. யார்க் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பொருளாதார ஆய்வாளர்களும் லண்டன் மருந்தியல் கல்லூரியும் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வீணாகும் மருந்தின் மதிப்பு வருடத்திற்கு சுமார் 30 கோடி பவுண்ட் என்று மதிப்பிட்டது. அதில் ஏறக்குறைய பாதியைத் தவிர்த்திருக்க முடியும் என்றும் அது சொன்னது. இன்னொன்றையும் கவனியுங்கள். மருந்துக் கடையிலிருந்து ஒரு முறை வெளியே போன மருந்தை, பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்றாலும், திரும்ப வாங்கி வேறொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள். அழிப்பதற்குத்தான் அனுப்புவார்கள்.

வீண் செலவு ஒரு பக்கம். வீட்டில் குவியும் மாத்திரைகள் ஆபத்து என்பது இன்னொரு பக்கம். டாக்டர் அளவைக் குறைத்த பிறகும் பழைய அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுக் கொள்பவர்கள் உண்டு. குழந்தைகள் கையில் சிக்கும் அபாயமும் உண்டு.

எனவே 2010-களின் நடுவிலிருந்து, லூட்டன் போன்ற சில பகுதிகளின் சுகாதாரக் குழுக்கள், கடைகள் அனுப்பும் விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தும்படி சர்ஜரிகளைக் கேட்டுக் கொண்டன. கவென்ட்ரி, ரக்பி பகுதியில் வேறு வழியைக் கையாண்டார்கள். நோயாளிகள் போன் செய்து கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஊழியர்களோடு ஒரு தனி மையம் அமைத்தார்கள். எதிர்முனையில் இருப்பவர் "இது வீட்டில் எத்தனை மீதி இருக்கிறது?" என்று ஒவ்வொரு மருந்துக்கும் கேட்பார். 2022 ஜூலை முதல் அந்தப் பழைய குழுக்களின் இடத்தில் ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் வந்து விட்டன. முறை ஊருக்கு ஊர் மாறும். ஆகவே உங்கள் சர்ஜரி என்ன சொல்கிறது என்பதே கடைசி வார்த்தை.

தொடங்கும் முன் தேவையானவை

1. ஜி.பி. சர்ஜரியில் பதிவு.
2. உங்களுக்கே உரிய இ-மெயில் முகவரி. மகனுடைய முகவரியை இரவல் வாங்க வேண்டாம்.
3. ஒரு மொபைல் எண். லாகின் செய்யும்போது பாதுகாப்புக் குறியீடு இதற்குத்தான் வரும்.
4. பாஸ்போர்ட் அல்லது டிரைவிங் லைசென்ஸ் போன்ற, போட்டோ உள்ள அடையாள ஆவணம்.

ஆவணம் இல்லையா? கவலை வேண்டாம். சர்ஜரிக்குப் போய் "ஆன்லைன் சேவைக்கான பதிவு விவரம் வேண்டும்" என்று கேளுங்கள். மூன்று குறியீடுகள் அடங்கிய தாளைத் தருவார்கள். அவற்றை வைத்தும் உங்களை நிரூபிக்கலாம்.

படிப்படியாக...

என்.எச்.எஸ். ஆப் என்பது 2019 வாக்கில் மக்களின் பயன்பாட்டுக்கு வந்தது. 'ஆப்' என்ற பெயரைப் பார்த்து, மொபைல் போனில் மட்டும்தான் வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே கணக்கை உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசரிலும் திறக்கலாம். பெரிய திரையும் கீபோர்டும் இருப்பதால் பெரியவர்களுக்கு இதுவே வசதி.

1. பிரவுசரைத் திறந்து என்.எச்.எஸ். இணையதளத்திற்குச் செல்லுங்கள். அங்கிருந்தே லாகின் பக்கத்திற்குப் போங்கள். தேடல் பக்கத்தில் மேலே வரும் விளம்பரங்களைக் கிளிக் செய்ய வேண்டாம்.

2. முதல் முறை என்றால், இ-மெயில் முகவரியைக் கொடுத்து, பாஸ்வேர்ட் ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் இ-மெயிலுக்கும் மொபைலுக்கும் வரும் உறுதிப்படுத்தல்களை முடியுங்கள். பிறகு அடையாள ஆவணத்தின் படத்தையும் உங்கள் முகத்தின் படத்தையும் கேட்கும். இதற்குக் கேமரா வேண்டும். சரிபார்க்கச் சிறிது நேரம் ஆகலாம். மருந்து தீர்ந்த அன்று இந்த வேலையைத் தொடங்காதீர்கள். இன்றே முடித்து வையுங்கள்.

3. உள்ளே நுழைந்ததும் 'பிரிஸ்கிரிப்ஷன்ஸ்' என்ற பகுதியைக் கிளிக் செய்யுங்கள்.

4. முதல் வேலையாக, எந்த மருந்துக் கடை தேர்வு செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வீடு மாறியிருந்தால் பழைய ஊர்க் கடையே இருக்கக்கூடும். அப்படியே விட்டால் மருந்து அங்கேதான் போகும். கடையை நீங்களே மாற்றலாம்.

5. ரிபீட் மருந்து கேட்கும் பட்டனை அழுத்துங்கள். உங்கள் தொடர் மருந்துகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் காகிதச் சீட்டில் பார்த்த அதே கட்டம்தான்.

6. இங்கே மவுஸிலிருந்து கையை எடுங்கள்! எழுந்து போய் மருந்துப் பெட்டியைக் கொண்டு வாருங்கள். எது எத்தனை மீதி இருக்கிறது என்று எண்ணுங்கள். வேண்டியதை மட்டும் டிக் செய்யுங்கள்.

7. டாக்டருக்குக் குறிப்பு எழுதும் கட்டம் சில சர்ஜரிகளில் இருக்கும். "வெளியூர் போவதால் ஒரு வாரம் முன்னதாகக் கேட்கிறேன்" என்பது போல ஒரு வரி எழுதலாம். நெஞ்சு வலி, மயக்கம் போன்ற அவசரங்களை இதில் எழுதக் கூடாது. அதை யாரும் உடனே படிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

8. அடுத்த பக்கத்தில் நீங்கள் தேர்வு செய்ததைக் காட்டும். மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு முறை வாசித்து விட்டு உறுதி செய்யுங்கள். விண்ணப்பம் போய் விட்டது. என்ன ஆயிற்று என்பதை அதே பகுதியில் பிறகு வந்து பார்க்கலாம்.

9. வேலை முடிந்ததும் லாக் அவுட் செய்யுங்கள்.

பட்டனை அழுத்திய பின் என்ன நடக்கிறது?

"அழுத்தி விட்டேன், கடைக்குப் போனேன், மருந்து இல்லை என்கிறார்கள்" என்று புகார் சொல்பவர்கள் உண்டு. காரணம் இதுதான். உங்கள் விண்ணப்பம் கடைக்குப் போவதில்லை. முதலில் சர்ஜரியின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே ஒருவர் அதைப் பார்க்கிறார். பரிசோதனைக் கெடு தாண்டி விட்டதா, மிக முன்னதாகக் கேட்கிறாரா என்று சரிபார்த்து, டாக்டரோ அந்த அதிகாரம் உள்ள வேறொருவரோ கம்ப்யூட்டரிலேயே கையெழுத்து இடுகிறார்.

பிறகு சீட்டு 'ஸ்பைன்' என்ற மத்திய அமைப்புக்குப் போகிறது. ஸ்பைன் என்றால் முதுகெலும்பு. நாடு முழுவதும் உள்ள சர்ஜரிகளையும் மருந்துக் கடைகளையும் இணைக்கும் முதுகெலும்பு என்று வைத்துக் கொள்ளுங்கள். நீங்கள் தேர்வு செய்த கடை அங்கிருந்து சீட்டை இறக்கிக் கொள்கிறது. இந்த மின்னணுச் சீட்டுத் திட்டம் 2005-இல் தொடங்கியது. காகிதத்திற்குப் பதில் மின்னணுக் கையெழுத்து இட்ட சீட்டே கடைக்குப் போகும் வசதி 2009 முதல் படிப்படியாக வந்தது.

ஆக, இடையில் மனிதர்கள் இருக்கிறார்கள். சர்ஜரிக்குப் பொதுவாக இரண்டு மூன்று வேலை நாட்கள், கடைக்கு மேலும் ஓரிரு நாட்கள் என்று கணக்கு வையுங்கள். மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே விண்ணப்பிப்பது நல்லது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகள் குறுக்கே வந்தால் இன்னும் முன்னதாக.

ஒரு சின்னக் கணக்கு

நோட்பேடிலோ, எக்ஸெலிலோ நான்கு பத்திகள் போடுங்கள். மருந்தின் பெயர், ஒரு நாளைக்கு எத்தனை, மீதி எத்தனை, எத்தனை நாளுக்கு வரும். மீதியைத் தினசரி எண்ணிக்கையால் வகுத்தால் நான்காவது பத்தி கிடைக்கும். உதாரணமாக ஒரு பெரியவரின் பெட்டியைப் பார்ப்போம்.

மெட்ஃபார்மின்: நாளைக்கு 2, மீதி 36. எனவே 18 நாட்கள்.
அம்லோடிபின்: நாளைக்கு 1, மீதி 7. எனவே 7 நாட்கள்.
பாராசிட்டமால்: வலி வந்தால் மட்டும், மீதி 84.

இன்று அவர் டிக் செய்ய வேண்டியது அம்லோடிபின் மட்டும். மூன்றையும் டிக் செய்திருந்தால் பாராசிட்டமால் மலைபோல் சேர்ந்திருக்கும். எதையும் டிக் செய்யாமல் விட்டிருந்தால் அடுத்த வாரம் இரத்த அழுத்த மாத்திரை இல்லாமல் உட்கார்ந்திருப்பார். 'எல்லாம்' என்பதும் தவறு, 'அப்புறம் பார்க்கலாம்' என்பதும் தவறு.

"இப்படி ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேதியில் தீர்ந்தால் மாதம் முழுவதும் விண்ணப்பித்துக் கொண்டே இருக்க வேண்டுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாம் ஒரே நாளில் தீரும்படி ஒரு முறை எண்ணிக்கையைச் சரி செய்து தரும்படி சர்ஜரியிடமோ மருந்தாளுநரிடமோ கேளுங்கள். நோயின் நிலை மாறாமல் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. டாக்டர் ஒப்புக்கொண்டால் 12 மாதம் வரைக்குமான சீட்டுகளை ஒரே முறையில் கையெழுத்திட்டு அனுப்பி விடலாம். நீங்கள் தவணைக்குத் தவணை கடைக்குப் போனால் போதும். எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது, கேட்டுப் பாருங்கள்.

60 வயது ஆனவர்களுக்கு இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை. மற்றவர்களில் விலக்கு இல்லாதவர்களுக்கு 2024 மே 1 அன்று ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட் என்று கட்டணம் நிர்ணயிக்கப்பட்டது. மருந்து மூலம் சர்க்கரையைக் கட்டுப்படுத்துபவர்கள் விலக்குச் சான்றிதழ் பெறலாம். இலவசம்தானே என்று எல்லாவற்றையும் டிக் செய்யும் பழக்கம் வேண்டாம். உங்களுக்கு இலவசம், சேவைக்கு இலவசம் இல்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் யாருக்கும் இந்தக் கட்டணம் கிடையாது. ஆனால் விண்ணப்பிக்கும் முறை அங்கே வேறு.

எங்கே தடுமாறுவோம்?

கேள்வி: வழக்கமான மருந்து பட்டியலில் இல்லையே?
பதில்: டாக்டர் அதை நிறுத்தியிருக்கலாம், அல்லது அனுமதித்த தடவைகள் முடிந்து மறுபரிசீலனைக்குக் காத்திருக்கலாம். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். சர்ஜரிக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: விண்ணப்பத்தை நிராகரித்து விட்டார்களே?
பதில்: பெரும்பாலும் இரத்தப் பரிசோதனையோ, டாக்டரைப் பார்ப்பதோ பாக்கி இருக்கும். இதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். மருந்து இன்னும் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் இடம் இதுதான்.

கேள்வி: மருந்து முழுவதும் தீர்ந்து விட்டது, இன்று ஞாயிற்றுக்கிழமை.
பதில்: 111 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது அதன் இணையதளத்தில் அவசர மருந்து கேட்கும் பகுதிக்குச் செல்லுங்கள். அருகில் திறந்திருக்கும் கடைக்கு வழிகாட்டுவார்கள்.

கேள்வி: நடுவில் தானாக வெளியே வந்து விட்டது.
பதில்: சிறிது நேரம் எதுவும் செய்யாமல் இருந்தால் பாதுகாப்புக்காக அப்படி ஆகும். மருந்துகளை எண்ணி வைத்துக் கொண்டு மறுபடி லாகின் செய்யுங்கள்.

கம்ப்யூட்டர் தெரியாத அம்மாவுக்கு?

இந்த மாற்றத்தில் உண்மையாகவே பின்தங்கக் கூடியவர்கள் இவர்கள்தான். கண் தெரியாதவர், மறதி நோய் உள்ளவர், ஆங்கிலம் வாசிக்க வராதவர். இவர்களுக்குக் கடை செய்து வந்த வேலையை நிறுத்தினால், வீண் மருந்து குறையலாம், கூடவே தேவையான மருந்தும் நின்று போகலாம்.

வழி இருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே அம்மாவுக்காக விண்ணப்பிக்க, 'பிராக்ஸி ஆக்சஸ்' என்ற அனுமதியைச் சர்ஜரியிடம் கேட்கலாம். அம்மாவின் சம்மதம் வேண்டும். அனுமதி கிடைத்தால் உங்கள் லாகினிலேயே அவர் பட்டியலையும் பார்க்கலாம். அம்மாவின் பாஸ்வேர்டை வாங்கி நீங்கள் நுழைவது சரியான முறை அல்ல. பட்டியலைத் திறந்ததும் நீங்களாக டிக் செய்யாதீர்கள். "அம்மா, வெள்ளை மாத்திரை எத்தனை இருக்கிறது?" என்று போனில் கேட்டு விட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரர் செய்த அதே தவறை நாமும் செய்வோம்.

உதவிக்கு ஆள் இல்லாதவர் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால், சர்ஜரியிடம் அவர் நிலையைச் சொல்லச் சொல்லுங்கள். இப்படிப்பட்டவர்களுக்கு விதிவிலக்குக் கேட்கலாம். காகிதச் சீட்டின் மறுபாதியை நேரில் கொடுக்கும் பழைய வழி உங்கள் சர்ஜரியில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். பல சர்ஜரிகள் போனில் மருந்துப் பெயர்களை ஏற்பதில்லை. ஒலியில் நெருங்கிய பெயர்கள் காதில் மாறி விழுந்தால் ஆபத்து என்பதுதான் காரணம்.

பாதுகாப்பு: நான்கு குறிப்புகள்

* மொபைலுக்கு வரும் பாதுகாப்புக் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். போனில் கேட்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி.
* இந்த விண்ணப்பத்தின்போது பணம் கேட்கப்படுவதில்லை. கட்டணம் உண்டென்றால் அது மருந்து வாங்கும் கடையில். விண்ணப்பிக்கும் பக்கத்தில் வங்கிக் கார்டு எண் கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள். விண்டோவை மூடி விடுங்கள்.
* நூலகம் போன்ற பொது இடத்துக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று பிரவுசர் கேட்டால் 'வேண்டாம்' என்று சொல்லுங்கள்.
* உங்கள் கணக்கில் மருந்துப் பட்டியல் மட்டும் இல்லை, உங்கள் மருத்துவக் குறிப்பும் இருக்கலாம். வீட்டுக் கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தினால் லாக் அவுட் மிக முக்கியம்.

இந்த மாதப் பயிற்சி

இன்று மாலை மருந்துப் பெட்டியை மேசையில் கொட்டி, மேலே சொன்ன நான்கு பத்திக் கணக்கைப் போடுங்கள். முதலில் தீரப்போகும் மருந்தின் தேதியிலிருந்து ஒரு வாரத்தைக் கழித்து, அந்த நாளைக் கம்ப்யூட்டரின் காலண்டரில் நினைவூட்டலாகப் பதிந்து வையுங்கள். தேதி கடந்த மருந்தையும், டாக்டர் நிறுத்தி விட்ட மருந்தையும் தனியாகக் கட்டி, அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும்போது கொடுத்து விடுங்கள். குப்பையிலோ, கழிவறையிலோ போட வேண்டாம்.

லாகின் செய்வதும் கிளிக் செய்வதும் இரண்டு மாதத்தில் பழகி விடும். உங்கள் பெட்டியில் எத்தனை மாத்திரை மீதி இருக்கிறது என்பது மட்டும் எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. அதை எண்ணி விட்டு டிக் செய்யுங்கள்.